சூடு ஆறும்வரை நின்ற சப்பரம்

மார்கழி எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்று கோமதிநாயகம் ஒரு சிறு பிழை செய்தார். வெள்ளாரங்குளம் ரயில்வே கேட்டை ஒட்டிப் புதிதாக வைத்த வெல்டை அரைத்து முடித்தவர், சூடு ஆறும் முன்பே சமன் பார்த்துவிட்டார்.

அது என்ன பிழை என்று புரிய, முதலில் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். இரண்டு தண்டவாளங்களின் முனைகளுக்கு நடுவே உருக்கிய இரும்பை ஊற்றி ஒன்றாக்குவார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு புடைப்பு நிற்கும். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு சக்கரமும் அங்கே முட்டிக்கொண்டு போகும். கிரைண்டரைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றி, அரைக்கும் கல்லைத் திருகித் திருகி மயிரிழையாக இறக்கி, முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அந்தப் புடைப்பைத் தேய்த்து எடுப்பது கோமதிநாயகத்தின் தொழில். ரயிலில் போகிறவர்களுக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவர் நன்றாகச் செய்தார் என்பதற்கு அடையாளம், அந்த இடத்தில் ஒரு சத்தமும் கேட்காததுதான்.

அந்தத் தொழிலையே அவர் பூசையாகச் செய்துவந்தார். கல்லை மாட்டுமுன் அதைத் துளையில் விரல்விட்டுத் தூக்கி, சுத்தியலின் மரப்பிடியால் ஒரு தட்டுத் தட்டுவார். விரிசல் இல்லாத கல் கணீரென்று ஒலிக்கும். அதுவே அவருக்குக் கோயில் மணி. பிறகு இயந்திரத்தை ஓட விட்டு, கல் இரும்பைத் தொட்டு முதல் பொறி பறக்கும்போது, "நிழல்தந்த நாதா, இது உனக்கு" என்று வாய்க்குள் சொல்வார். நிழல்தந்த நாதர் அவ்வூர்ச் சிவபெருமான்.

உடன் வேலை பார்த்த பேச்சிமுத்துவுக்கு இது தினமும் கிடைக்கும் வேடிக்கை. "அண்ணாச்சி, மணி அடிச்சாச்சு, தீபம் காட்டியாச்சு. சுண்டல் எங்க?" என்பான். கோமதிநாயகமும் சிரித்துக்கொண்டு தம் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து ஒரு கை எடுத்து அவன் தட்டில் வைப்பார். கோபம் அவருக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

அவருக்கு ஓர் ஆசை மட்டும் இருந்தது. திருவாதிரைத் திருநாளில் சுவாமி சப்பரத்தில் வீதி வரும்போது, முன்னால் தீவட்டி பிடித்துப் போக வேண்டும். வருடா வருடம் கேட்டார். வருடா வருடம் அது வேறொருவர் முறையாக இருந்தது. இந்த முறை தீவட்டிக்காரருக்கு முழங்காலில் அடிபட்டிருந்ததால், கோயில் பட்டர் அவரைக் கூப்பிட்டு, "புதன்கிழமை சாயந்தரம் நீரே பிடியும்வே" என்று சொல்லிவிட்டார். மனைவி சண்முகத்தாய் வெள்ளை வேட்டியை நீலம் போட்டு அலசிக் காயவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர் மனம் அந்த வேட்டியில் இருந்தது. இரும்பு சூட்டில் உப்பி நிற்கும், ஆறினால் அடங்கும். சூட்டோடு சமன் செய்த இடம் ஆறிய பின் பள்ளமாகிவிடும். அதை அறியாதவர் அல்லர் அவர். ஆனாலும் அன்று நேரான இரும்பு அளவுப்பட்டையை அவசரமாக வைத்துப் பார்த்து, "சரியாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரவு அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். புதன்கிழமை விடிந்ததும் தாமே கேட்டுக்குப் போய், குளிர்ந்து கிடந்த தண்டவாளத்தின் மேல் பட்டையை வைத்துக் குனிந்து பார்த்தார். பட்டைக்குக் கீழே கீற்றாய் வெளிச்சம் தெரிந்தது. பள்ளம்.

யாரும் இன்னும் பார்க்கவில்லை. அவரோ நேரே மேட் சாலமோன் வீட்டுக்குப் போய் நின்றார். சாலமோன்தான் அவர்கள் வேலைக் குழுவுக்கு மேட், அதாவது தலைவர்.

"மேட், கேட்டு வெல்டு எறங்கிட்டு. சூட்டோட அரைச்சுட்டேன். என் தப்பு."

சாலமோன் பல் துலக்கும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "நீரா? நீரு கல்லுக்கே சாமி கும்பிடுத ஆளுல்லா!"

"கும்பிட்டேன். அளக்கத்தான் மறந்துட்டேன்."

சாலமோன் இன்ஜினியரம்மாவுக்குப் போன் செய்தார். அந்தப் பள்ளத்துக்கு இரு பக்கமும் நீளமாகச் சரித்து அரைத்தால் சரியாகிவிடும். ஆனால் வண்டி ஓடாமல் பாதை வேலைக்குக் கிடைப்பது அன்று மாலை மட்டும்தான், அதுவரை வண்டிகள் அங்கே மெதுவாகப் போகட்டும் என்று பதில் வந்தது. அன்று மாலைதான் சப்பரம்.

பேச்சிமுத்துவுக்கே மனம் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, நான் அரைக்கேன். நீங்க போயி தீவட்டி பிடிங்க. எத்தன வருசமா அலையுதீய!"

"நான் கெடுத்தத நான்தாம்ப்பா சரிபண்ணணும். சாமி அடுத்த வருசமும் இங்கனதான இருப்பாரு" என்றார் கோமதிநாயகம். சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

மாலையில் கேட்டை அடைத்தார்கள். காய்ந்த புல்லில் பொறி விழாமலிருக்கத் தண்ணீர் தெளித்தார்கள். கோமதிநாயகம் கல்லைத் தட்டிப் பார்த்தார்; கணீரென்றது. கண்ணாடியை மாட்டி, காதுகளை மூடிக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டார். "நிழல்தந்த நாதா, இது உனக்கு."

அதே நேரத்தில் மேற்குத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து, தெரு முழங்கால் சேறாகக் கிடந்தது. சப்பரம் அந்த வழியே போக முடியவில்லை. ஒருநாளும் தண்டவாளப் பக்கம் வராத சுவாமி, அன்று கேட்டுத் தெருவில் திரும்பினார். குளத்துக் காற்று ஓங்கி அடித்தது. கோமதிநாயகத்துக்குப் பதிலாகப் புதிதாய்த் தீவட்டி பிடித்தவருக்குக் கை பழகவில்லை, தீவட்டி அணைந்தது. பட்டர் கற்பூரம் ஏற்றினார், அதுவும் நிற்கவில்லை. இருட்டத் தொடங்கிய வேளையில், அடைத்த கேட்டின் முன்னே வெளிச்சமில்லாமல் வந்து நின்றது சப்பரம்.

கேட்டுக்கு அப்பால் பொன்னாகப் பொறி பறந்துகொண்டிருந்தது. அந்த ஒளி சுவாமியின் திருமுகத்தில் ஏறி இறங்கியது. தவில்காரர் அடிப்பதை நிறுத்தினார். பட்டர் கைகளைத் தலைக்குமேல் குவித்தார். கூட்டமும் குவித்தது.

முதுகைக் காட்டிக் குனிந்திருந்த கோமதிநாயகத்துக்கு ஒன்றும் தெரியாது. அரைத்து முடித்துக் கல்லை உயர்த்தினார். பொறி நின்றது. காது மூடியை எடுத்துவிட்டுத் தண்டவாளத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கேட்ட தொறங்கப்பா! சாமி நிக்காருல்லா!" என்று சப்பரத்தில் தோள் கொடுத்த ஒருவர் கத்தினார்.

சாலமோன் ஓடிவந்தார். "நாயகம், கொஞ்சம் திரும்பிப் பாரும்வே."

"இருங்க மேட். சூடு ஆறட்டும். நேத்து இப்படித்தான் கெட்டுது." கண்ணை இரும்பிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

பேச்சிமுத்துவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பட்டரின் குரல் கேட்டது: "சாமிக்கு என்ன அவசரம்? ஆறட்டும்வே. நாம நிப்போம்."

நின்றார்கள். தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். சப்பரத்துக்குப் பின்னால் வந்த குழந்தைகள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். கோமதிநாயகம் புறங்கையால் இரும்பைத் தொட்டுப் பார்த்தார், காத்தார், மறுபடி தொட்டார். பிறகு பட்டையை வைத்து, முகம் தரையில் படும்படி குனிந்து பார்த்தார். எங்கும் வெளிச்சம் தெரியவில்லை.

"சரியாயிருக்கு" என்று நிமிர்ந்து திரும்பினார். எதிரே நிழல்தந்த நாதர் நின்றிருந்தார்.

இயந்திரத்தை இறக்கி ஓரம் வைத்தபின் கேட்டைத் திறந்தார்கள். பட்டர் சுவாமியின் மாலையைக் கழற்றிக் கொண்டுவந்து, எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்த அந்தக் கழுத்தில் போட்டார். "தீவட்டி பிடிக்க ஆசைப்பட்டீரு. அவரே வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாரு" என்றார். கோமதிநாயகம் கருத்த கைகளை வேட்டியில் துடைக்கப் பார்த்தார். உடுத்தியிருந்தது காக்கிக் கால்சட்டை என்பது நினைவு வந்து, அப்படியே குவித்தார்.

"இப்பவாவது சுண்டல் உண்டா அண்ணாச்சி?" என்றான் பேச்சிமுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அன்று உண்டு, பட்டரே இலை நிறையக் கொடுத்தார்.

தம் பிழையைத் தாமே போய்ச் சொன்னவரும், இறைவனே வந்து நின்றபோதும் இரும்பு ஆறும்வரை காத்தவருமான கோமதிநாயகனார் அடி வாழ்க.

மறுநாள் வியாழக்கிழமை. குளத்துப் பாலத்துக்கு அப்பால் இரண்டு வெல்டுகள் அரைக்க வேண்டும். புதுக் கல் மாட்ட வேண்டும். மாட்டுமுன் தட்டிப் பார்க்க வேண்டும்.