வைத்தியர் நட்ட கல்

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாட்டை விறலரசன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மறுப்பான். அப்பேர்ப்பட்டவன் நல்ல ஆணை ஒன்றும் போட்டான்: பச்சிளங்குழந்தைகள் வலிப்பு வந்து சாகாமலிருக்க, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள் கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்த பிறகே தொப்புள்கொடியை அறுக்க வேண்டும்.

அதை ஊர்களில் நடத்திவைக்கும் பொறுப்பு அரண்மனை வைத்தியர் அரவணையாருக்கு. ஒரு வருஷம் கழித்து, "இந்த ஊர்களிலெல்லாம் புதுமுறை குறைவின்றி நடக்கிறது" என்று ஊர்ப்பெயர்களோடு கோட்டைவாசலில் கல்வெட்டே நட்டுவிட்டார்.

அதைப் படித்த மந்திரி கூத்தபிரான் பல்லைக் கடித்தார். அவர் தம்பி மகள் பெற்ற ஆண்குழந்தை போன வாரம்தான் வலிப்பு கண்டு இறந்திருந்தது. அவள் ஊரும் கல்லில் இருந்தது!

குதிரையேறி ஊர் ஊராகப் போய் மருத்துவச்சிகளை விசாரித்தார். "ஆணையா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே சாமி" என்றார்கள். வைத்தியரின் ஆட்கள் ஊர்த்தலைவர் வீடுகளில் விருந்துண்டு, "நடக்குதா?" என்று கேட்டு, "நடக்குது" என்ற பதிலோடு திரும்பியிருந்தார்கள். அவ்வளவுதான் விசாரணை.

மந்திரி சபைக்கு வந்ததுமே வைத்தியர் முந்திக்கொண்டார். "மகாராஜா, மந்திரிக்கு என் புகழ் பொறுக்கவில்லை. ஊர் ஊராகக் குற்றம் தேடுகிறார்!"

"குற்றமிருந்தால் இப்போதே நிரூபியும், மந்திரி. இல்லையேல் பதவியை விட்டுப் போம்!" என்றான் ராஜா.

மந்திரி கோபத்தை விழுங்கிக்கொண்டு கும்பிட்டார். "அந்தக் கல்லை நம்பி ஒரு யோசனை கொண்டுவந்தேன், மகாராஜா. வைத்தியரின் மகளுக்கு இது நிறைமாதம். கல்லில் உள்ள ஊரொன்றில் பிரசவம் நடக்கட்டும். ஊரை அவரே சொல்லட்டும். பல்லக்கு தயார்."

"அருமை!" ராஜா தொடையைத் தட்டினான். "எந்த ஊர், வைத்தியரே?"

வைத்தியர் பதறிக் கையை ஆட்டினார். "நிறைமாதப் பெண்ணுக்குப் பயணம் ஆகாது..."

"கல்லில் முதல் ஊர் கோட்டைக்குக் கூப்பிடு தூரம்தான்" என்றார் மந்திரி.

"வேண்டாம்! அங்கே அந்தக் கத்தி..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லும்! கத்திக்கு என்ன?" மந்திரியின் குரலில் மண்டபம் அதிர்ந்தது. "உம் பேரப்பிள்ளைக்கு ஆகாத கத்தி என் தம்பி பேரனுக்கு மட்டும் ஆகுமா? கத்தி பிடிக்கிற ஒருத்தியிடமாவது கேட்டீரா?"

ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். "உம் புத்திக்கு."

மந்திரி கை நீட்டவில்லை. "ஆணை போட்டதோடு சரி. நீங்களும் போய்ப் பார்க்கவில்லையே, மகாராஜா."

ராஜா தலை குனிந்தான்.

வைத்தியரின் பட்டுச்சால்வை அன்றே பறிபோனது. பானைகள் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு மருத்துவச்சிக்கும் தன் கையாலேயே தண்ணீர் கொதிக்கவைத்துக் காட்டினார். ராஜாவும் கூடவே போய்ப் பார்த்தான். அதன்பிறகு அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் பிழைத்து, தெருவெல்லாம் ஓடித் திரிந்தார்கள். மந்திரிக்கு மட்டும் அந்தக் கோபம் சாகும்வரை ஆறவே இல்லை.