பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் அன்று காலையிலிருந்தே உபதேசியார் கஸ்பாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போடுவார். தள்ளி நின்று பார்ப்பார். மறுபடியும் இழுத்துப் போடுவார். சாயங்காலப் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பங்குச்சாமி பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ வேண்டும். ஆட்கள் பதினோரு பேர்தான் தேறியிருந்தார்கள்.

பன்னிரண்டாவது ஆளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் பங்குச்சாமியான பிலவேந்திர சாமி. அதுதான் வினை.

"யாரு சாமி அந்த ஆளு?"

"வருவான்."

வாரம் முழுக்க இதே பதில்தான்.

சாமிக்குக் கஸ்பாரைவிட வயது குறைவு. போன வருஷம்தான் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தார். ஆனாலும் வேதத்தில் ஒரு சந்தேகம் என்றால் கஸ்பார் அவர் முன்னால்தான் போய்க் கைகட்டி நிற்பார். குருவுக்கு வயதா முக்கியம்? அவர் சொன்னால் இவருக்கு மனசு ஆறும். சொல்லாமல் விட்டால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

மத்தியானம் பொறுக்க முடியாமல் சாமியின் அறைக்கே போனார். இடுப்பில் கட்டிக்கொண்டு பாதம் துடைக்க வேண்டிய வெள்ளைத் துண்டை சாமி மடித்துக்கொண்டிருந்தார்.

"சக்கரியாஸா சாமி?"

சாமி துண்டின் ஓரத்தை நீவிவிட்டார்.

"அவன்தானா?"

"அவனை ஏன் கேக்குறீங்க?"

ஏன் கேட்காமல் இருப்பார்? சாமி இந்த ஊருக்கு வருவதற்கு முந்தின ஆடிக்காற்றில் கஸ்பாரின் தம்பி தொம்மையின் வள்ளம் கடலில் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து துண்டை வீசியிருக்கிறான் தொம்மை. அந்த வழியாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது சக்கரியாஸின் வள்ளம் ஒன்றுதான். வந்தவன் வந்தபடியே கரைக்கு வந்துவிட்டான். தொம்மையின் உடம்பு கரை சேர்ந்தபோது அடையாளம் சொல்ல அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள்.

"கடல்ல ஒருத்தன் துண்டு வீசுனா, ஏழு தலைமுறைப் பகையா இருந்தாலும் வள்ளத்தத் திருப்பணும் சாமி. அதான் கடல்ல முறை. அவன் பாத்தான். பாத்துட்டும் திருப்பல. இதுக்கு மன்னிப்பு உண்டுமா? வேதத்துல இருந்தாச் சொல்லுங்க, கேக்கேன்."

"அவன் பாத்தான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அவனேதான் சொன்னான். அன்னைக்குச் சாயங்காலம் கரையில வந்து நின்னு, எல்லார் முன்னாலயும். 'துண்டு தெரிஞ்சுது. காத்துக்குப் பயந்துட்டேன். திருப்பல'ன்னான்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"யாருக்குத் தெரியப் போவுது? கடலுக்குத்தான் தெரியும்."

சாமி துண்டை மடித்து முடித்தார். கஸ்பார் காத்து நின்றார்.

அந்த வருஷமே ஊர் கூடி முடிவு செய்துவிட்டது. சக்கரியாஸோடு பேச்சு வார்த்தை கிடையாது, அவன் வள்ளத்தில் யாரும் ஏறக்கூடாது, கோயிலுக்குள் அவன் காலெடுத்து வைத்தால் ஊரே எழுந்து வெளியே போய்விடும். இதை மைக்கில் வாசித்தது கஸ்பார்தான். குரல் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சக்கரியாஸ் கோயில் வாசலுக்கு வெளியே கொடிமரத்தடியில் வந்து நிற்பான். பூசை முடிந்ததும் போய்விடுவான். வெயிலா மழையா என்று பார்க்க மாட்டான். அதுவே கஸ்பாருக்கு எரிச்சல். ஒரேயடியாக வராமல் தொலைந்தாலாவது இவருக்கு நிம்மதியாக ஜெபம் சொல்ல முடியும்.

சாயங்காலம் மணி அடித்தது. பதினோரு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. சாமியார் கழுவப் போகிற காலைத் தாங்களே முந்திக்கொண்டு கழுவிவிடுவார்கள். குதிகால் வெடிப்பைக் கல்லில் தேய்த்து, சோப்புப் போட்டு, தேங்காயெண்ணெய் தடவி, மணல் ஒட்டாமல் செருப்பு மாட்டிக்கொண்டு வருவார்கள். அழுக்குக் காலைப் போய்ச் சாமியாரிடம் நீட்டலாமா? அப்படி வரச் சொல்லி வீடு வீடாக ஞாபகப்படுத்துகிறவரும் கஸ்பார்தான்.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி முழங்காலிட்டார். கஸ்பார் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, சாமி கழுவி, துடைத்து, முத்தமிட்டு, அடுத்த ஆளிடம் நகர்ந்தார். பதினோராவது ஆளும் முடிந்தது. கால் கழுவின தண்ணீர் தாம்பாளத்தில் தெளிவாகவே இருந்தது.

"குடிக்கலாம்போல இருக்கே" என்று சாமி மெல்லச் சொன்னார். கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமி நகர்ந்து, காலி நாற்காலியின் முன்னால் முழங்காலிட்டார்.

பாட்டு முடிந்துவிட்டது. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. சாமி அசையவில்லை. கஸ்பாரின் செம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் சிந்தியது.

அவர் குனிந்து சாமியின் காதருகில் சொன்னார்: "ஆள் இல்ல சாமி. எந்திரிங்க."

"ஆள் இருக்கான்."

கஸ்பார் வாசலைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கொடிமரத்தடியில் சக்கரியாஸ் நின்றுகொண்டிருந்தான். கால் முழுக்க மணல். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தான்.

"ஊர் எந்திரிச்சுப் போயிரும் சாமி."

"போகட்டும்."

"என்னால முடியாது. அவன் வந்து உக்காந்தா நான் எப்படித் தண்ணி ஊத்துவேன்?"

சாமி இடுப்புத் துண்டின் நுனியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சாமி, செத்தது என் தம்பி."

மைக்கில் தடுமாறாத குரல் இப்போது உடைந்துபோனது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.

முழங்காலில் இருந்தபடியே சாமி கஸ்பாரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க தம்பி வீசின மாதிரிதான் உபதேசியாரே, அங்க ஒருத்தன் இத்தனை நாளாத் துண்டு வீசிக்கிட்டு நிக்கிறான். நாம பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

கஸ்பார் செம்பைக் கீழே வைத்துவிட்டு, கொடிமரத்தைப் பார்த்து நடந்தார்.