புகாரில் ஆமை சொன்ன பொய்

கடலுக்கு வாயும் ஆமைக்குப் பேச்சும் இருந்த காலத்தில், காவிரி கடலில் போய் விழுகிற இடத்தில் புகார் என்று ஒரு நகரம் இருந்தது. சோழனுடைய தலைநகரம். ஏதோ நாலு தெரு என்று நினைத்துவிடாதீர்கள். கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம். அங்கே மீன் பிடிக்கிறவர்கள், உப்பு விற்கிறவர்கள், சந்தனமும் சாந்தும் அரைக்கிறவர்கள், நம் பாஷை தெரியாத கப்பல்காரர்கள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மேற்கே பட்டினப்பாக்கம். அரண்மனை, தேர் ஓடும் வீதி, மாடி வைத்த வீடுகள் எல்லாம் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய தோப்பு. மரத்துக்கு மரம் கடை. பகலில் ஒரு சந்தை கூடும், அது கலைந்தால் அந்தியில் இன்னொரு சந்தை கூடும்.

அப்படிப்பட்ட ஊர் எப்படிக் கடலுக்குள் போனது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். படித்தவர்கள் தெய்வ குற்றம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கரையில் பிறந்தவன். எங்கள் ஆட்கள் சொல்வது வேறு.

புகாரில் சித்திரை மாதம் பெரிய விழா. இருபத்தெட்டு நாள். கொடி ஏறியதும் ஊரில் எல்லாருக்கும் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் கொடி இறங்குகிற வரைக்கும் ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. படகும் கடலில் இறங்கக் கூடாது. நூற்றுக்கணக்கான படகுகளைக் கரைக்கு ஏற்றி வரிசையாக நிறுத்திவிடுவார்கள். அந்தக் கட்டு அவ்வளவு கண்டிப்பானது. சொந்த அண்ணன் பக்கத்து ஊரில் செத்தாலும் போக மாட்டார்கள்.

ஆனால் கடல் ஓரத்து ஊர் ஆயிற்றே? திடீரென்று கடல் பொங்கினால்? அதற்கு ஒரே ஒரு வழி வைத்திருந்தார்கள். கடலின் சேதியை ஆமை கொண்டுவருவாள். தினமும் பொழுது சாயும்போது கலங்கரை விளக்கத்தின் அடியில் ஏறி வந்து சொல்வாள். "கடல் நல்லா இருக்கு" என்று அவள் சொன்னால் சங்கு ஊதுவார்கள், ஊர் நிம்மதியாக உண்டு உறங்கும். "கடல் வருது" என்று சொன்னால் அந்த நிமிஷமே காப்பை அறுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அரசன் சொன்னால்கூட அறுக்காத காப்பு, ஆமை சொன்னால் அறும்.

கலங்கரை விளக்கத்தில் நெய் ஊற்றித் திரி போடுகிற வேலை வலம்புரி என்ற பெண்ணுக்கு. மீன் பிடிக்கிற குடும்பம், மூன்று பிள்ளைக்காரி, கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. அவளும் ஆமையும் அக்கா தங்கை மாதிரி.

ஆமைக்கு ஒரு குறை உண்டு. மூன்று வருஷமாக முட்டையிட்டும் ஒன்றும் தங்கவில்லை. முதல் வருஷம் நரி தோண்டித் தின்றது. மறு வருஷம் அலை வந்து அள்ளிக்கொண்டு போனது. அதற்கு அடுத்த வருஷம் மனிதர்களே தோண்டி எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஆமைகள் முட்டையிட்டுவிட்டு, குஞ்சு வெளியே வருகிற வரைக்கும் பக்கத்திலேயே கிடக்கும். கூட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போகும். இவளோ கடலின் சேதி கேட்கப் போய்த் திரும்புவதற்குள் பறிகொடுத்து, ஒவ்வொரு வருஷமும் வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனாள். வயிறு எரியாதா?

அந்த வருஷம் பங்குனியில் அவள் படகுத்துறைக்கு நடுவே முட்டையிட்டாள். வலம்புரி முள் வெட்டி வந்து சுற்றிலும் வேலி போட்டாள். படகுகளை ஏற்றும்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வேலிக்குப் பக்கத்துல எவனாவது படகை இழுத்தீங்க, தொலைச்சுப்புடுவேன்! எங்க அக்கா பிள்ளைங்க தூங்குதுங்க."

எல்லாரும் சிரித்துக்கொண்டே விலகி நிறுத்தினார்கள்.

விழாவின் இருபத்தேழாவது நாள். மறுநாள் கொடி இறங்க வேண்டும். அன்று மத்தியானம் கடலின் ஆழத்தில் தரை நடுங்கியது. தண்ணீர் கீழிருந்து சூடாக ஏறியது. கடல் ஆமையைக் கூப்பிட்டது.

"நாளைக்கு நான் ஊருக்குள்ள வர்றேன். என்னால என்னைப் பிடிச்சு நிறுத்திக்க முடியலை. போய்ச் சொல்லிடு."

எந்த நேரம் என்று கடல் சொல்லவில்லை. ஆமையும் கேட்கவில்லை.

கரைக்கு நீந்தி வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. நாளை விடியும்போது குஞ்சுகள் வந்துவிடும். மணலுக்குள் ஓடு கீறுகிற சத்தம் காலையிலேயே அவள் காதில் விழுந்திருந்தது. இப்போது போய் "கடல் வருது" என்றால் என்ன ஆகும்? மருவூர்ப்பாக்கமே துறைக்கு ஓடி வரும். ஆற்றின் வழியாகத் தப்பிக்க அத்தனை படகுகளையும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். முள்வேலியை யார் பார்ப்பார்கள்? எல்லாம் கூழாகிவிடும்.

விடிந்ததும் சொன்னால் போதும் என்று நினைத்தாள். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கின மறு நிமிஷம் சொல்லிவிடலாம், ஓடுவதற்கு அரைப் பகல் இருக்கும் என்று தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொண்டாள். வலம்புரியிடம் ஒரு வார்த்தை மனசை விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் அந்த மணல்மேல் குப்புறப் படுத்தாவது காத்திருப்பாள். பாவி, சொல்லாமல் போனாளே!

விளக்கடியில் கூட்டம் காத்திருந்தது. விழாவை நடத்துகிற பெரியவர் அந்துவன், வழக்கம்போல் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார்.

"அம்மா, கடல் என்ன சொல்லுது?"

ஆமை தலையை மணலில் தாழ்த்திக்கொண்டாள். பிறகு மெதுவாக நிமிர்த்தினாள்.

"கடல் நல்லா இருக்கு."

"ஏன்க்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் வலம்புரி.

"தொண்டை கட்டியிருக்கு, தங்கச்சி. வேற ஒண்ணுமில்லை."

சங்கு ஊதினார்கள். அந்திச் சந்தையில் விளக்குகள் ஏறின. அந்தச் சந்தை கடைசியாகக் கூடியது அன்றைக்குத்தான்.

விடியற்காலையில் மணல் அசைந்தது. ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று குஞ்சுகள் கொப்பளித்து வந்தன. ஆமை ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தாள். திரும்பிக் கடலைப் பார்த்தாள். கடலைக் காணவில்லை. ஒரு கல் தூரத்துக்கு வெறும் சேறு. மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஊர் ஜனம் கூடையோடு சேற்றில் இறங்கிச் சிரிப்பும் கும்மாளமுமாக மீன் பொறுக்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் பயமில்லை. ஆமைதான் நல்ல சேதி சொல்லிவிட்டாளே!

வலம்புரி ஓடி வந்தாள். "அக்கா, தண்ணி எங்கேயோ போயிடுச்சு. பிள்ளைங்க இவ்வளவு தூரம் எப்படி நடக்கும்? காக்கா கொத்திடும்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை விரித்துக் குஞ்சுகளை வாரிப் போட்டுக்கொண்டாள். கடல் போன திசையில் நடக்கவும் தொடங்கிவிட்டாள்.

"வலம்புரி, போகாதே! திரும்பி ஓடு! கடல் வருது!" என்று ஆமை அலறினாள்.

வலம்புரி நின்றாள். "என்ன சொல்றே?"

"நேத்தே எனக்குத் தெரியும். பிள்ளைங்க வெளியே வரட்டும்னுதான் சொல்லாம இருந்துட்டேன்."

வலம்புரி கடல் போன திசையைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. தூரத்தில் கருப்பாக ஒரு கோடு எழும்பியது.

"எனக்கும் மூணு இருக்குன்னு உனக்குத் தெரியும்தானேக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டவில்லை, சபிக்கவில்லை. குனிந்து குஞ்சுகளை ஒரு பள்ளத்துத் தண்ணீரில் பத்திரமாக இறக்கிவிட்டாள். பிறகு காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து எறிந்துவிட்டு, "காப்பை அறுங்க! ஓடுங்க! கடல் வருது!" என்று கத்திக்கொண்டே ஊரைப் பார்த்து ஓடினாள். அவள் குரல் கேட்ட சிலர் மேட்டுக்கு ஓடினார்கள். பலர் நம்பவில்லை. "நேத்து ஆமை நல்லா இருக்குன்னாளே" என்றார்கள்.

கடல் வந்தது. மருவூர்ப்பாக்கம் போனது, தோப்புச் சந்தை போனது, பட்டினப்பாக்கத்து மாடிகள் போயின. கலங்கரை விளக்கம் கொஞ்ச நேரம் தலையை மட்டும் காட்டிவிட்டு அதுவும் போனது. மேட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது சோழன் தலைநகரம் இருந்த இடத்தில் நுரைதான் மிதந்தது.

ஆமையின் குஞ்சுகள் அத்தனையும் பிழைத்தன. அவள் அவற்றோடு போகவில்லை. முழுகிய வீதிகளில் ஒவ்வொரு வாசலாக நீந்தித் தேடினாள். மூன்று பிள்ளைகளை அணைத்தபடி ஒருத்தி எங்கேயாவது கிடைப்பாள் என்று தேடினாள். வலம்புரி என்று கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

மறு பங்குனியில் அவள் மறுபடி அந்தக் கரைக்கு ஏறினாள். மணலைத் தோண்டி முட்டையிட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு மனசு துணியவில்லை. இன்னொரு முறை பிள்ளைக்கும் ஊருக்கும் நடுவே நின்றால் தான் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் மணலை அவசரமாக மூடிவிட்டு, அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் பங்குனி தொடங்கித்தான் ஆமைகள் எல்லாம் பேச்சில்லாமல் கரையேறுகின்றன, முட்டையிடும்போது கண்ணீர் வடிக்கின்றன, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகின்றன. குஞ்சுகள் தாமாகவே கடலைத் தேடி ஓடுகின்றன. பெற்ற பிள்ளை இதுதான் என்று இன்றுவரை எந்த ஆமைக்கும் தெரியாது.