ஆலாத்தீவின் காவற்காரி

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே! பாய்மரக் கப்பல்கள் மட்டுமே கடலில் ஓடிய காலம் அது. கரையிலிருந்து ஒரு பகல் தூரத்தில் சின்னஞ்சிறு தீவு ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆலாப் பறவைகள் அங்கே வந்து மணலில் முட்டையிடும். அவற்றைக் காக்க அரசர் செம்பாயி என்பவளை அமர்த்தியிருந்தார்.

தனி ஆள். மழைநீரைப் பானைகளில் பிடித்து மணலில் புதைத்து வைப்பாள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பாள். நாளுக்கு மூன்று முறை தீவைச் சுற்றி வருவாள். எந்தப் பறவை எந்தக் குழியில் அடைகாக்கிறது, எது நொண்டி, எது சண்டைக்காரி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முதலாம் ஆண்டு, அரசரின் படகுத் தலைவன் விருதங்கன் நான்கு ஆட்களோடு வந்து இறங்கினான். "அரசர் விருந்துக்கு ஒரு கூடை முட்டை வேண்டும்" என்றான். செம்பாயிக்குக் கொடுக்க மனமில்லை. ஆனாலும் அரசர் பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் ஆண்டு மூன்று கூடை கேட்டான். "வேண்டாம் ஐயா, தாய்ப்பறவைகள் கதறுவதைக் கேட்க முடியவில்லை" என்று கெஞ்சினாள். அவன் சிரித்துக்கொண்டே அள்ளிப் போனான்.

மூன்றாம் ஆண்டு அவன் கேட்கவே இல்லை. ஆட்களை ஏவினான். பத்துக் கூடை நிறைந்தது. தலைக்கு மேலே ஆலாக்கள் வானம் கிழிய அலறின. செம்பாயிக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே கரைக்குப் போனாள். மீன் அறுக்கும் கத்தியால் படகின் கயிற்றை அறுத்தாள். பின்வாங்குகிற கடல் படகை இழுத்துக்கொண்டு போயிற்று.

"அடிப் பாவி! இனி எப்படி ஊர் போய்ச் சேர்வது?" என்று கத்தினான் விருதங்கன்.

"அது உன் பாடு! எடுத்த முட்டையை எடுத்த இடத்தில் வை. இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பானைகள் புதைந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் குழி குழியாகக் காட்டக் காட்ட, ஐவரும் வெயிலில் குனிந்து குனிந்து வைத்தார்கள். பறவைகள் அவர்கள் மண்டையைக் கொத்தின. ஆனால் அதற்குள் இரண்டு கூடை முட்டை வெயிலில் வெந்து போயிருந்தது. குழிகள் வெறுமையாய் இருக்கக் கூடாதென்று அவற்றையும் வைக்கச் சொன்னாள்.

ஆளில்லாத படகு கரை ஒதுங்கிய செய்தி கேட்டு, எட்டாம் நாள் அரசரே தேடி வந்தார். நடந்ததைக் கேட்டுத் திகைத்தார். "நான் முட்டை கேட்கவே இல்லையே!" விருதங்கனுக்கு விலங்கு பூட்டினார்கள். செம்பாயிக்கு அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "உங்கள் பெயரைச் சொல்லி மூன்று வருடம் ஒருவன் திருடினான். ஒரு தடவையாவது வந்து பார்த்தீர்களா? நானும் யோக்கியமில்லை, அரசே. முதல் கூடையை வாய் திறக்காமல் கொடுத்தவள் நான்தான். இந்த மாலை எந்த முட்டையைப் பொரிய வைக்கும்?"

அரசர் நீட்டிய மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கோபம் ஆறாமலே அவள் அடுத்த சுற்றுக்குக் கிளம்பினாள். இனி ஒருபோதும் பொரியாத முட்டைகளின் மேல் தாய்ப்பறவைகள் அப்போதும் அடைகாத்துக்கொண்டிருந்தன.

ஆகவே மனதில் வையுங்கள்: காக்க வேண்டியவர் அநியாயத்தை முதல் நாளே தட்டிக் கேட்காவிட்டால், பிறகு எவ்வளவு கோபப்பட்டாலும் போனது திரும்பாது.