பசைப் பிரிவில் ஒரு கேள்வி

அச்சத்தில் நின்ற மூன்று பெண்களின் கதை இது. கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

செய்யாறு பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலை. அங்கே செய்வதெல்லாம் கடல் கடந்த ஒரு பெரிய நிறுவனத்துக்கு. அறுநூறு பெண்கள் செங்கல் சூளையை விட்டு வெளியே வந்தது அந்த வேலையால்தான். அவர்களில் ஒருத்தி பூங்காவனம். அவளுடைய மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பசையால் ஒட்டும் பிரிவில் நெடியை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. காற்றடித்தால் ஒட்டும் முன்பே பசை காய்ந்துவிடும் என்று மேற்பார்வையாளர் தணிகாசலம் அதை ஓடவிடுவதில்லை. கடல் கடந்த அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அது சுழலும். பசையின் நெடியில் அங்கே வேலை செய்யும் கஸ்தூரி இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள்.

ஆய்வு நாளும் வந்தது. “பார்த்துப் பேசுங்கம்மா. பக்கத்து கம்பெனியில ஒருத்தி வாயைத் திறந்தா. ஒரே மாசத்துல ஆர்டர் போச்சு. நானூறு பேரும் திரும்ப சூளைக்குத்தான் போனாங்க” என்றார் தணிகாசலம்.

சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர் அம்மையார் பசைப் பிரிவிலிருந்து பூங்காவனம், கஸ்தூரி, நவநீதம் மூவரையும் தனியறைக்கு அழைத்தார். “ஃபேன் தினமும் ஓடுதா?”

“ஓடுது மேடம். குளிர் தாங்காம ஸ்வெட்டர் கேட்டுக்கிட்டு இருக்கோம்” என்றாள் நவநீதம்.

“அடிப்பாவி! நான் விழுந்தப்ப மூஞ்சில தண்ணி தெளிச்சவளே நீதானேடி!” என்று சீறினாள் கஸ்தூரி. “இன்னிக்கு நீங்க வந்ததாலதான் மேடம் ஓடுது.”

ஆய்வாளரின் பார்வை பூங்காவனத்தின் மீது திரும்பியது. ‘ஓடுகிறது’ என்றால் கஸ்தூரி பொய்க்காரி ஆவாள், நாளைக்கும் விழுவாள். ‘இல்லை’ என்றால் மகள் சூளையில் மண் மிதிப்பாள். அவள் கேட்டாள்:

“உண்மையைச் சொல்றேன் மேடம். சொன்னதுக்காக ஆர்டரை நிறுத்த மாட்டோம், ஃபேனை ஓட வைப்போம்னு உங்க கம்பெனி எழுதிக் குடுக்குமா?”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். “இதுவரைக்கும் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல.”

இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நவநீதத்தின் பொய் சோற்றைக் காத்தது, தோழியின் மூச்சைக் காக்கவில்லை. கஸ்தூரியைக் குறை சொல்லலாகாது. ஆயினும் பக்கத்துத் தொழிற்சாலையிலும் உண்மைதான் சொல்லப்பட்டது. தண்டனை ஏழைகளுக்கே போய்ச் சேர்ந்தது. பூங்காவனம் செய்ததே சரி. கேள்வி கேட்க வந்தவர்களையே அவள் பொறுப்பேற்கச் சொன்னாள். வேலை கொடுப்பது பெரிய நன்மை. அதை மறுக்க வேண்டாம். ஆனால் குறையைக் கண்டதும் கைகழுவிவிட்டுப் போவது அறமாகாது. வேலை கொடுத்தவர்கள் தங்கி நின்று குறையைத் தீர்க்க வேண்டும். அப்படித் தீர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு நாமும் அஞ்சக் கூடாது.