தும்பியின் வாயும் அரசனின் வாயும்

முன்னொரு காலத்தில் மருதங்குடி என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட வேல்வேந்தனுக்கு எல்லாம் சொன்னவுடன் நடக்க வேண்டும். மந்திரிகள் நடந்தார்கள், படைகள் நடந்தன. தும்பி மட்டும் நடக்கவில்லை.

தும்பி அவன் ஏறத் தொடங்கிய புதுக் குதிரை. குட்டியிலிருந்து வெல்லம் ஊட்டி வளர்த்தவள் அரசி பூங்கோதை. அவள் விரலை அசைத்தாலே அது திரும்பும். அரசனோ கடிவாளத்தைத் தேர்வடம் மாதிரி இழுப்பான்.

தும்பி தலையை உதறியது.

"திமிர்," என்றான் குதிரைப்படைத் தலைவன் காளிங்கன். முறுக்குக் கம்பிக் கடிவாளம் வந்தது.

தும்பி பின்வாங்கியது.

"கொழுப்பு," என்றான். பல் வைத்த இரும்புக் கடிவாளம் வந்தது.

தும்பி முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. அரசன் சாணிக் குவியலில் போய் உட்கார்ந்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கும் இரண்டு தலை இல்லையே.

"திருவிழாப் பவனிக்குள் இது வழிக்கு வராவிட்டால் செக்கில் பூட்டுங்கள்," என்றான் அரசன், சாணியைத் தட்டிக்கொண்டே.

அன்று மாலை பூங்கோதை வெல்லம் நீட்டினாள். தும்பி ஆசையாய் வாங்கியது. உடனே கீழே போட்டது. வெல்லத்தில் ரத்தம்.

நேரே அரசனிடம் போனாள். "கடிவாளத்தை மாற்றுங்கள். அதன் வாயெல்லாம் புண்."

"குதிரையைப் பற்றி உனக்கென்ன தெரியும்? போய் வெற்றிலை மடித்துக் கொண்டு வா."

சரி என்று மடித்துக் கொடுத்தாள். பாக்கு வழக்கம்போல. சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் தாராளம்.

மறுநாள் அரசனின் வாய் வெந்து கிடந்தது. பூங்கோதையே பரிமாற வந்தாள். வெள்ளிக் கரண்டியில் மிளகு ரசத்தை நீட்டினாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"மன்னருக்குத் திமிர்," என்றாள் பணிப்பெண்ணிடம். "பெரிய கரண்டியாகக் கொண்டு வா."

பெரிய கரண்டி வந்தது. அவன் பின்னால் நகர்ந்தான்.

"கொழுப்பு. அந்த இரும்புக் கரண்டியை எடு."

இரும்புக் கரண்டியைக் கண்டதும் அரசன் எழுந்து சுவரோரம் போய் நின்றான். "வலிக்கிறது, தேவி. கரண்டியை மாற்றினால் வலி போய்விடுமா?"

"போகாதா? இதைத்தான் நேற்று ஒருத்தி நாலு காலாலும் சொன்னாள். நீங்கள் சாணியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்களே."

அரசன் வாயை மூடிக்கொண்டான். மூடினாலும் எரிந்தது.

பிறகு லாயத்துக்குப் போய், தும்பியின் உதட்டை மெல்ல விலக்கித் தானே பார்த்தான். புண் ஆறும்வரை அதன் வாயில் எதையும் மாட்டக் கூடாது என்று உத்தரவிட்டான். ஆறிய பிறகு காளிங்கன் மூன்று கடிவாளங்களைக் கொண்டுவந்தான். அரசன் ஒவ்வொன்றாகத் தன் வாயிலேயே வைத்துப் பார்த்தான். முதலாவதைத் துப்பினான். இரண்டாவதையும் துப்பினான். மெல்லிய தோல் சுற்றிய மூன்றாவதைக் கடித்தபடியே தலையாட்டினான். காளிங்கன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பாவம்.

பவனி நாளில் பறை அதிர்ந்தது, கொம்பு முழங்கியது. அரசன் விரலை அசைத்தான். தும்பி பூ மாதிரி திரும்பியது. செக்கு தன் பழைய மாட்டோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று முதல் வேல்வேந்தன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பைத் தானே தடவிக்கொண்டான்.

ஆகவே, கேட்டவர்களே, ஒருவர் நம் சொல்லுக்கு இணங்காதபோது பிடியை இறுக்கும் முன் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும்.