இருபது பேர் வைத்திருக்கும் முதலாளி

பதினோரு நாள் உட்கார்ந்து எழுதிய அட்டவணையின் குறுக்கே ஆசிரியை ஒரே ஒரு கோடு போட்டார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும்.

வேதமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. வயசு நாற்பத்து நாலு. துண்டு நெய்கிற அந்த ஊரில் முதலாளிகள் சங்கத்துக் குமாஸ்தா. சங்கத்துக்குச் சட்ட யோசனை சொல்லும் அங்கயற்கண்ணியிடம் இரண்டு வருஷமாகச் சட்டம் படிக்கிறார். ஆசிரியைக்கு இவரைவிட ஒன்பது வயசு கம்மி. அதனால் அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை டீச்சர் என்பார்.

"நாலு மணிக்குக் கூட்டம் டீச்சர். தலைநகரத்துக்குக் கடிதம் இன்னிக்கே போயாகணும். மூணு மசோதாவுல எது நல்லதுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"எழுதினதைப் படிங்க. கேப்போம்."

நாட்டில் எல்லாருக்கும் வைத்தியம் கிடைக்க ஒரு சட்டம் வரப்போகிறது. அதற்குத்தான் மூன்று மசோதா; எது வேணும் என்று அரசாங்கம் சங்கங்களைக் கேட்டிருக்கிறது. முதலாவதில், தொழிலாளிக்கு முதலாளியே காப்பீடு எடுக்கணும். இரண்டாவதில், முதலாளி வரி கட்டினால் அரசாங்கமே வைத்தியம் பார்க்கும். மூன்றாவதில், முதலாளியும் தொழிலாளியும் செலவில் ஆளுக்குப் பாதி. வேதமுத்து வரிசையாகப் படித்தார். அபராதம், விலக்கு, தவணை, எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு தப்பு கிடையாது.

"மூணுலயும் ஒரே மாதிரி இருக்கிறது எது?"

"ஒரே மாதிரி இருக்கிறதை எதுக்கு டீச்சர் எழுதணும்? ஒப்பிடுறதுன்னா வித்தியாசத்தைத்தானே பாக்கணும்?"

ஆசிரியை பேனாவை மூடினார்.

"சங்கத் தலைவரோட தறிக்கூடத்துக்குப் போய் ஆளை எண்ணிட்டு வாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எண்ணிட்டு வாங்க அண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தலைவர் கோதண்டபாணியின் கூடத்துக்கு ஒரு கூரை, ஒரு வாசல். வாசலுக்கு மேலே நாலு பெயர்ப்பலகை. அந்த ஊர் வழக்கம் அது. பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டால் அடுத்து வருகிற ஆளுக்கு அடுத்த பலகை. முதலாளி பேரில் ஒன்று, பெண்டாட்டி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று, மாமியார் பேரில் ஒன்று. ஊரில் யாருக்கும் அது கண்ணில்கூடப் படாது. நாலாவது பலகைக்கு ஆணி அடித்ததே வேதமுத்துதான்.

எண்ணினார். எழுபத்தைந்து வந்தது. எழுபத்தாறாவதாக, நூல் சுற்றும் பேச்சியம்மாள் வாசல் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"என்ன குமாஸ்தா, ஆடு மாடு மாதிரி எண்ணிக்கிட்டுத் திரியறே? என்னைச் சேத்துக்கிட்டியா?"

"சேத்தாச்சு. உடம்புக்கு என்ன?"

"நெஞ்சு பூரா பஞ்சு அடைச்சிருக்காம். ஆறு மாசம் வைத்தியம் எழுதியிருக்காரு டாக்டரு. முதலாளி கையெழுத்து இருந்தாத்தான் ஆரம்பிப்பாங்களாம்."

"உன் முதலாளி யாரு?"

"எந்தக் கிழமை கேக்கிறே?"

அவள் பேர் கிழமைக்கு ஒரு பலகையில் ஏறும்.

"திங்கள்னா தலைவரு. வியாழன்னா அவரு மாமியாக் கெழவி. அது போயி எட்டு வருஷமாச்சு. மேல ஏறிப் போயிக் கையெழுத்து வாங்கிட்டு வரவா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புதுச் சட்டம் வருதாமே. அதுல எனக்கு உண்டா?"

வேதமுத்து பையிலிருந்து மூன்று மசோதாவையும் எடுத்தார். மூன்றிலும் முதல் பக்கம், முதல் வரி ஒன்றேதான், பழைய தொழிலாளர் சட்டத்தில் இருக்கிற அதே வரி. இருபது பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவரே முதலாளி. பதினோரு நாளும் அந்த வரியைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே போயிருந்தார்.

"இல்லை" என்றார். "மூணுலயும் இல்லை."

திரும்பி வந்து ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆசிரியை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"இப்ப ஒப்பிடுங்க."

நாலு மணிக்குச் சங்கம் நிரம்பியிருந்தது. முறுக்கும் காபியும் வந்தன. வேதமுத்து எழுந்து கடிதத்தைப் படித்தார்.

"மூன்று மசோதாவும் எங்களுக்கு ஒன்றுதான். இந்த ஊரில் இருபது பேர் வைத்திருக்கும் முதலாளி ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் தலைவர் கூடத்தில் ஒரே கூரைக்கு அடியில் எழுபத்தாறு பேர், நாலு பலகை. இருபது என்ற வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள். அது இருக்கும்வரை எங்கள் தொழிலாளிகள் யாருக்கும் வைத்தியம் கிடைக்காது."

முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

"யோவ், நீ சங்கத்துக்காக எழுதினியா, சங்கத்து மேல எழுதினியா?" என்றார் ஒருவர்.

"ஒப்பிடச் சொன்னா ஊரையே காட்டிக்குடுக்கிறான்யா" என்றார் இன்னொருவர்.

தலைவர் மட்டும் சத்தம் போடவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "வேதமுத்து, மூணாவது நல்லதுன்னு ஒரு வரி எழுதிடு. அது போதும். இந்தக் கடிதம் இப்படியே போச்சுன்னா இந்த ஊர்ல எவன் உனக்கு வேலை குடுப்பான்? யோசிச்சுப் பாரு."

வேதமுத்துவுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியையைப் பார்த்தார்.

"டீச்சர்?"

"யாரும் குடுக்க மாட்டாங்க அண்ணே. எனக்கும்தான்" என்றார் ஆசிரியை. "நீங்க எண்ணினது சரிதானே?"

"சரிதான்."



தலைவர் தன் பேனாவை மூடி கழற்றி நீட்டினார். எழுபத்தாறும் இருபதும் வருகிற வரிகளை அடிக்கச் சொன்னார்.

வேதமுத்து அடிக்கவில்லை.